கல்யாண வீடியோவும் உதவி இயக்குநர் வேலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

கொழும்பில் திரைப்படக் கலையில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு உதவி இயக்குநராக வரச் சொல்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்குக் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துத்தான் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலைகளில் இறங்கினால் கலைப் பார்வையே கெட்டுவிடும், சொந்தமாகக் குறும்படம் எடுத்து விழாக்களுக்கு அனுப்பு என்கிறார்கள் நண்பர்கள். தமிழ்ப் படத்துக்கு இங்கே சந்தையும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் தொழில் ஒழுக்கம் பற்றி விரிவுரையாளர்கள் சொன்னதற்கெல்லாம் என்ன பயன்?

வ., வெள்ளவத்தை

அன்பின் வ.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. சென்னையைப் போலப் பெரிய திரைத்தொழில் உள்ள ஊரில் சங்கங்களும் படிநிலைகளும் இருக்கின்றன. ஊக்கம் குறைந்த ஒருவரைக்கூட அந்த ஏற்பாடு கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டு போய்விடும். கொழும்பில் தமிழில் படம் எடுப்பவருக்கு அப்படி ஒரு தாங்கல் கிடையாது. இங்கே அடுத்த வேலை என்பது, முந்தைய வேலையில் உங்களோடு நின்றவர் இன்னொருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும் இரண்டு வார்த்தைகளால் வருவது. கைதேர்ந்த ஒலிப்பதிவாளர்களும் ஒளிப்பதிவாளர்களும் சிலரே, விளம்பரங்களிலும் தொடர்களிலும் குறும்படங்களிலும் அதே ஆட்களைத்தான் மறுபடி சந்திப்பீர்கள். சந்தை இல்லை என்பதாலேயே உங்கள் விரிவுரையாளர்கள் சொன்னது உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கல்யாண வீடியோவைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கெட்டிமேளம் எழும்போது மணமக்களைச் சுற்றி உறவினர் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள், அட்சதை விழும், கைபேசிகள் உயரும், அந்தக் கணத்தை இன்னொரு முறை நடத்தித் தரும்படி யாரையும் கேட்க முடியாது. ஐயர் எந்தப் பக்கம் உட்காருவார், எங்கே நின்றால் தாலியும் இரண்டு முகங்களும் மறையாமல் கிடைக்கும் என்பதையெல்லாம் காலையிலேயே பார்த்து வைத்தவருக்குத்தான் அந்தக் காட்சி அகப்படும். அதைத் தொகுக்கிறவருக்கு வேறொரு பாடம் இருக்கிறது. நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது படத்தோடு சேர்த்து ஒலியையும் வெட்டினால் இசை துண்டு துண்டாகிவிடும் என்பதால், ஒலியை முழுதாக ஓடவிட்டுப் படத்தை மட்டும் மாற்றும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. மகளை அனுப்பிவைக்கும் தாயின் முகத்தை எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்ற கணக்கும் அங்கேதான் பிடிபடுகிறது. எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே பாட்டையும் ஒரே மெதுவியக்கத்தையும் போட்டு முடித்துக் கொடுத்தால், நண்பர்கள் பயப்படுவது நடக்கத்தான் செய்யும். அதற்கு என் யோசனை இது: வீட்டாருக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, அதே காட்சிகளிலிருந்து பின்னணிப் பாட்டு எதுவும் இல்லாத ஐந்து நிமிடத் தொகுப்பொன்றை உங்களுக்காக மட்டும் செய்து பாருங்கள்.

இலங்கை இயக்குநர் சுமித்திரா பீரிஸ் லண்டனில் திரைப்படக் கல்வி பெற்றுத் திரும்பியவர். அப்படியிருந்தும் இங்கே உதவி இயக்குநராகவும் படத்தொகுப்பாளராகவும் பல ஆண்டுகள் வேலை செய்த பிறகே, 1978இல் தம் முதல் படமான ‘கெஹெனு லமய்’யை இயக்கினார். 1963ஆம் ஆண்டின் ‘கம்பெரலிய’ என்ற சிங்களப் படத்தைத் தொகுத்தவர் அவர்தான். அந்த இடைக்காலத்தை வீணாய்ப்போன காலமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

வங்காளத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவையும் நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தாவில் படமெடுத்தபோது மித்ரா வேலை கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. பார்வையாளராக நிற்க மட்டும் அனுமதி கிடைத்தது. நின்ற இடத்திலிருந்தே விளக்குகள் வைத்த விதத்தையும் கமெரா நகர்ந்த பாதையையும் படம் வரைந்து குறித்துக்கொண்டே வந்தார். பிற்பாடு ஒளியமைப்பின் தொடர்ச்சியைச் சரிபார்க்க அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளரே அவருடைய குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான், முன்பு எந்தத் திரைப்படத்துக்கும் ஒளிப்பதிவு செய்திராத மித்ராவிடம் சத்யஜித் ராய் தம் முதல் படத்தை ஒப்படைத்தார். 1956இல் வந்த ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணி விரித்து, விளக்குகளின் ஒளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து, திறந்த வானத்தின் மென்வெளிச்சத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

தொடரில் சேர்ந்தால் உங்களிடம் முதலில் வரப்போவது அநேகமாகக் காட்சித் தொடர்ச்சிக் குறிப்பேடாக இருக்கும். தேநீர்க் கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்தச் சொல்லில் நடிகர் எழுந்தார் என்று எழுதிவைப்பதைக் கீழான வேலையாக நினைக்காதீர்கள், தொகுப்பு மேசையில் அந்தப் பக்கங்களைத்தான் தேடுவார்கள். அதோடு ஒலியையும் கவனியுங்கள். நம் மாணவர் படங்களில் படம் அழகாக இருந்தும் வசனம் விளங்காமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய வீட்டில் உரையாடல் எடுத்தால் புகையிரதம் கடக்கும், காகம் கத்தும், பாண் விற்கும் ஓட்டோ இசையோடு வரும். புகையிரத நேரங்களை முன்கூட்டியே எடுத்துவைத்து, நீண்ட வசனங்களை அவற்றின் இடைவெளிகளுக்குள் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் உதவி இயக்குநரை எந்தக் குழுவும் விட்டுவிடாது. ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் ஒலியை 30 நொடி பதிவு செய்ய வையுங்கள். வசனங்களுக்கு நடுவே வரும் வெட்டுகளை நிரப்ப அது இல்லாவிட்டால், ஒலி திடீரென்று செத்துப்போனதுபோல் கேட்கும்.

பிரதி எடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு நல்ல பிரதியொன்றைத் தேடி இன்று நாம் அலைகிறோம். அந்த இழப்பை அறிந்த ஒரு சமூகத்தில் பிறந்துவிட்டு, ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பி மெமரி கார்டை அழிப்பது பொறுப்பில்லாத செயல். அழிக்கும் முன் இரண்டு பிரதிகள் வேண்டும், படப்பிடிப்பு முடிந்த கையோடு மூன்றாவது ஒன்று வேறொரு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

குறும்படத்தையும் கட்டாயம் எடுங்கள், ஆனால் வேலையை விட்டுவிட்டு எடுக்க வேண்டியதில்லை. ராய் விளம்பர நிறுவனமொன்றில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே, 1952இல் தொடங்கிய ‘பதேர் பாஞ்சாலி’யை, பணம் கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 1955இல் முடித்தார். உங்கள் படத்தில் நடிக்கவும் விளக்குப் பிடிக்கவும் நண்பர்கள் வருவார்கள். நட்புக்காக வருகிறவர்கள்தானே என்று நேரம் கடத்தாதீர்கள். சாப்பாட்டுப் பார்சல் நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும், இரவாகிவிட்டால், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, வீடு போக ஓட்டோக் காசைப் படத்தின் செலவிலேயே எழுதிவிட வேண்டும்.

தொடர்க்காரர்களிடம் மாதச் சம்பளம், வேலை நேரம், திரையில் உங்கள் பெயர் எப்படி வரும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் ஒரு வரி வந்தாலும் போதும். அனுபவம் கிடைக்கிறதே என்று சொல்லிச் சம்பளப் பேச்சைத் தள்ளிப்போட்டால் போகாதீர்கள். அடுத்த அழைப்பு வரும்வரை கல்யாணங்களைத் தொகுத்துக்கொண்டிருங்கள்.