புது ஆண்டெனா வாங்கும் முன் இரைச்சலைக் கவனியுங்கள்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன், அமெச்சூர் ரேடியோ உரிமம் உண்டு. 40 மீட்டர் அலைவரிசைக்குக் (7 மெகாஹெர்ட்ஸ்) கூரைமேல் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆண்டெனா) கட்டியிருக்கிறேன். கொஞ்ச நாளாகப் பேச்சு நடுவிலேயே எதிர்முனைக் குரல் மறைந்து, தானாகத் திரும்பி வருகிறது. எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண், 1க்கு அருகில் இருந்தால் நல்லது) 1.5ஐத் தாண்டவில்லை. கடையில் ஆண்டெனாவையும் கேபிளையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் டைபோல் சுமார் 20 மீட்டர் கம்பி, அவ்வளவுதான். அதில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை.

குரல் மறையும்போது பின்னணி இரைச்சல் என்ன ஆகிறது? இரண்டும் சேர்ந்து சட்டென்று விழுந்தால், எங்கோ இணைப்பு விட்டு விட்டு ஒட்டுகிறது. இரைச்சல் அப்படியே இருக்க, குரல் மட்டும் மெல்லத் தேய்ந்து வந்தால் அது ரேடியோ அலைகளைத் தரைக்குத் திருப்பும் மேல்வானப் படலமான அயனி மண்டலத்தின் வேலை. அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. இரைச்சல் எகிறிக் குரலை மூழ்கடித்தால் எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் மாதிரி ஏதாவது காரணமாக இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் ஓட்டுங்கள். அடங்கிவிட்டால் ஆள் உங்கள் வீட்டுக்குள்தான்.

இணைப்புதான் என்றால், கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கனெக்டராக அசைத்துப் பாருங்கள். மழைக்குப் பிறகே தொல்லை என்றால் கேபிளில் தண்ணீர் ஏறியிருக்கும். கேபிள் முனையில் திருகும் பிஎல்-259 கனெக்டர் தண்ணீரைத் தடுக்காது. எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். ஈரமான கேபிள் சிக்னலைத் தானே விழுங்கிவிட்டு, ரேடியோ முனையில் அழகான எண்ணைக் காட்டும். மேல்முனைக் கனெக்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்புப் பின்னல் கறுத்திருந்தால் கேபிளை மாற்றத்தான் வேண்டும். (இடி முழங்கும்போது கூரைப்பக்கமே போகாதீர்கள்.)

அப்போதும் தடித்த கேபிள் வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் நல்ல ஆர்ஜி-58 (மெல்லிய கேபிள் வகை) இழப்பது 1 டெசிபெல்லுக்கும் குறைவு, காது கண்டுபிடிக்காது. மிச்சமாகும் பணத்தை, பற்றவைக்கும் ஈயம் நன்றாகப் பிடிக்கும் தரமான கனெக்டரிலும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பிலும் போடுங்கள். வெறும் கறுப்பு டேப் வெயிலில் உரிந்துவிடும்.

கேபிளைப் புதிதாக வாங்கி அண்மையில்தான் போட்டீர்கள் என்றால் ரசீதைத் தேடுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வெட்டிய துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.