மருமகளை ஊரில் விட்டுச் செல்லலாமா?

குழந்தைகள் இதயப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அவனுடைய எட்டு மாதப் பெண் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையும், நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பும் இருப்பதாகச் சொல்லி, அடுத்த மாதம் சென்னையில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் ‘டி.ஓ.எஃப்.’ என்று எழுதியிருக்கிறது. மருமகள் எந்நேரமும் அழுதபடி இருக்கிறாள். அவளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு நானும் மகனும் மட்டும் குழந்தையைக் கொண்டுபோகலாம், எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கிரகணத்தன்று அவள் வெளியே போனதால் வந்த குறை என்றும் சிலர் பேசுகிறார்கள். நான் என்ன செய்வது?
ஒரு வாசகி, பாம்பன்

பதில்: அம்மா, மருமகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள்.

முதலில் அந்தக் கிரகணப் பேச்சை முடித்துவிடுவோம். கருவில் இதயம் உருவாகும் வேலை ஏறத்தாழ எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் குறை ஏன் வந்தது என்பதற்கு இன்ன காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை மருத்துவர் சொல்வதைவிட மாமியாராகிய நீங்கள், நாலு பேர் இருக்கும்போது, உங்கள் வாயால் சொல்வதுதான் அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல். அவள் அழுகையில் பாதி குழந்தையை நினைத்து என்றால், மீதி இந்தப் பழிச்சொல்லை நினைத்தாக இருக்கலாம்.

உங்கள் பேத்திக்கு உள்ள குறையை 1888ஆம் ஆண்டில் ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விரிவாக எழுதினார். அவர் பெயரில்தான் அது ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று வழங்குகிறது; சீட்டில் உள்ள ‘டி.ஓ.எஃப்.’ அதன் சுருக்கமே. கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் குறுக்கம், பெருந்தமனி அந்த ஓட்டைக்கு மேலே இடம் மாறி அமர்ந்திருப்பது, வலது கீழ் அறையின் சுவர் தடித்திருப்பது ஆகிய நான்கும் சேர்ந்தது அது. அறுவை சிகிச்சையில் ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடி, குறுக்கத்தை அகலப்படுத்துவார்கள். 1954இல் அமெரிக்காவில் லில்லிஹை என்ற மருத்துவர் முதன்முதலாக இதை உள்ளிருந்து சரிசெய்தபோது, குழந்தையின் இரத்தக் குழாய்களை அருகே படுத்திருந்த பெரியவர் ஒருவருடைய உடலோடு இணைத்து, அவருடைய இதயமும் நுரையீரலும் குழந்தைக்காகவும் உழைக்கும்படி செய்தார். அத்தகைய சிகிச்சைகளில் பெரும்பாலும் பெற்றோரே அப்படிப் படுத்தார்கள். இப்போது அந்த வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது.

தாய் உடன் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது பாசத்தை மட்டும் கருதி அன்று. பயணத்தின்போதே அவள் தேவைப்படுவாள். இந்தக் குறை உள்ள குழந்தை வீறிட்டு அழுதாலோ, பால் குடிக்காமல் உடலில் நீர் வற்றினாலோ திடீரென்று நீலம் பாய்ந்து மூச்சுத் திணறலாம். பாம்பனிலிருந்து சென்னைக்கு இரவு முழுவதும் இரயிலில் போகும்போது குழந்தையை நீண்ட நேரம் பசியோடு விடக் கூடாது. அப்படி நீலம் பாய்ந்தால், இரண்டு முழங்கால்களையும் மடக்கி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, குழந்தையைச் சமாதானப்படுத்தியபடி உடனே மருத்துவ உதவி கேட்க வேண்டும். புறப்படுமுன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லி நீங்கள் மூவருமே கற்றுக்கொள்ளுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகுமே என்று மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேதி தள்ளிப்போவது குழந்தையின் நன்மைக்குத்தான்.

அறுவை சிகிச்சை நாளன்று, கடைசியாக எத்தனை மணிக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதை மருத்துவமனையில் சொல்வார்கள். பொதுவாக நான்கு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். அரைஞாண், தாயத்து, வளையல், கண் மை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வார்கள். அபசகுனம் என்று எண்ணிப் பல பாட்டிமார்கள் அந்த நேரத்தில் கலங்கிப்போவார்கள். உலோகம் உடலில் இருந்தால் மின்கருவியால் தீக்காயம் படக்கூடும், சாயம் இருந்தால் தோலின் நிறம் தெரியாது என்பதே காரணம். கழற்றிய அரைஞாணை மருமகள் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளட்டும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அதன் பிறகு காத்திருப்பு. ஐந்து மணி நேரம் ஆகலாம். எட்டு மணி நேரமும் ஆகலாம். உள்ளே போனதும் கத்தி வைத்துவிடுவதில்லை. மயக்கம் கொடுத்து, அந்தச் சின்ன கைகால்களிலும் கழுத்திலும் நரம்பு கண்டுபிடித்துக் குழாய்கள் போடவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது உண்டு. சரிசெய்த பிறகு இயந்திரத்திலிருந்து இதயத்தை மெல்ல விடுவித்து, எக்கோ பார்த்து, இரத்தக் கசிவு நின்றுவிட்டதா என்று பொறுத்திருந்து பார்த்து, அதன் பிறகே தைப்பார்கள். ஆகவே சொன்ன நேரத்தைத் தாண்டிவிட்டது என்பதாலேயே கெட்ட செய்தி என்று முடிவு கட்ட வேண்டாம். மருமகளுக்கு அந்த நேரத்தில் பால் கட்டி மார்பு வலிக்கும்; செவிலியரிடம் சொன்னால் பால் பீச்சுவதற்கு இடம் காட்டுவார்கள். செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்த பிறகு குழந்தைக்குக் கொடுக்கும் முதல் உணவு அந்தத் தாய்ப்பாலாக இருக்கலாம். அவளை ஊரில் விட்டுச் சென்றால் பாலும் வற்றிப்போகும்.

மருத்துவர் வெளியே வந்து பேசும்போது, உங்கள் மகனும் மருமகளும் சேர்ந்து நின்று கேட்கட்டும். ஆண்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி, பெண்ணிடம் பாதியை மறைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் மறைக்கப்படுகிறது என்று தெரிந்த தாய், உண்மையைவிடக் கொடியதைக் கற்பனை செய்துகொள்வாள். பிறகு நல்ல செய்தியைச் சொன்னாலும் நம்ப மாட்டாள். ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் அந்த வாரமாவது கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. படகு நடுக்கடலில் இருக்கும்போது கூப்பிட்டால் கிடைக்காது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதன்முறை பார்க்கும்போது குழந்தையின் முகம் வீங்கியிருக்கும், வாயில் குழாய் இருக்கும், மார்பிலிருந்து வடிகுழாய்களும் மெல்லிய கம்பிகளும் வெளியே வந்திருக்கும். இவை எதிர்பார்க்கப்பட்டவையே. உள்ளே போகுமுன் இதை மருமகளிடம் சொல்லிவையுங்கள். பிறகு குழந்தையின் நகக்கண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மாதமாக நீலம் பாரித்திருந்த நகங்கள் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைக் கண்டு, அதுவரை அழாத தகப்பன்மார்களும் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அட்டையில் குழந்தையின் பெயர் இல்லையென்றால் புறப்படுமுன்பே விசாரித்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். மனைவியும் அவளுடைய உம்மாவும் ஐந்து மாத மகனை இதய ஓட்டைக்கான ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறார்கள். எனக்குப் பத்து நாள் விடுப்புத்தான் கிடைக்கும். ஆபரேஷன் அன்று இருப்பதா, பிறகு வருவதா?
ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் தொலைபேசியில் நீங்களே பேசி, ஆபத்து எவ்வளவு என்று நேரடியாகக் கேளுங்கள். ஆபத்து அதிகம் என்று அவர் சொன்னால், எப்பாடுபட்டாவது முன்பே வந்துவிடுங்கள். மற்றபடி, ஒரே ஓட்டையை மூடும் சிகிச்சை என்றால், குழந்தை வார்டுக்கு மாறும் சமயத்தில் நீங்கள் வருவதே அதிகப் பயன் என்பது என் கருத்து. தேதி கடைசி நேரத்தில் மாறுவது சாதாரணம். உங்கள் பத்து நாளும் காத்திருப்பிலேயே போய்விடக்கூடும். உங்கள் மனைவி தூக்கமில்லாமல் சோர்ந்து விழும் நேரமும் அதுதான். ஒப்புதல் படிவத்தில் தாய் கையெழுத்திட்டால் போதும். அவர் கையெழுத்திடுமுன் மருத்துவர் விளக்குவதை நீங்களும் தொலைபேசியில் கேட்கலாம்.

வீடு திரும்பிய பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்கக் கூடாது. ஒரு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியிலும், மற்றொரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பார்க்க வரும் சொந்தங்கள் எல்லோரும் ஆசையாகத் தூக்கப் பார்ப்பார்கள். வாசலில் நின்று அவர்களுக்கு இதைச் சொல்லும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, தையல் இடம் சிவந்து நீர் கசிந்தாலோ, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.