செவ்வாய் நிலவைப் போலத் தெரியுமா?

கேள்வி: 'ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய் கிரகம் முழு நிலவு அளவுக்குத் தெரியும், விட்டால் இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது' என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். எத்தனை மணிக்குப் போக வேண்டும்?
- வாசகி, தாம்பரம்

பதில்: அந்தச் செய்தியை நம்பிப் போகாதீர்கள். அது 2003-இல் கிளம்பியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நம்மிடமிருந்து சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் தூரத்துக்கு வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அவ்வளவு நெருங்கியதில்லை. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு நிலவு தெரியும் அளவில் செவ்வாய் தெரியும் என்று அப்போது ஒருவர் எழுதினார். அனுப்பி அனுப்பித் தொலைநோக்கி உதிர்ந்துபோனது, ஆண்டும் உதிர்ந்துபோனது. தேதியும் நிலவும் மட்டும் மிஞ்சின.

அந்த 2003-இலேயே செவ்வாயின் தோற்ற அகலம் நிலவின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்குதான். நிலவை ஒரு பெரிய தாம்பாளம் என்று வைத்துக்கொண்டால், செவ்வாய் அதில் கிடக்கும் ஒரு கொத்தமல்லி விதை. வெறுங்கண்ணுக்கு அது எந்தக் காலத்திலும் ஒளிப்புள்ளிதான்.

2026 ஆகஸ்ட் 27 அன்று முன்னிரவில் செவ்வாய் வானத்திலேயே இருக்காது. பின்னிரவு இரண்டு மணிக்கு மேல்தான் கிழக்கே உதிக்கும். எட்டு மணிக்கு மாடி ஏறினால் தெற்குப் பக்கம் சிவப்பாகக் கேட்டை நட்சத்திரம் நிற்கும். யாராவது அதைக் காட்டி 'இதுதான் செவ்வாய்' என்பார்கள். பிள்ளைகள் ஏமாந்து கீழே இறங்குவார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஒருமுறை ஏமாந்த பிள்ளையை மறுபடி வானம் பார்க்கக் கூப்பிட்டால் எளிதில் வராது.

சரி, எப்போது பார்க்கலாம்? சூரியனைச் சுற்றி வர நமக்கு 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். அதனால் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை நாம் அதை எட்டிப் பிடித்துக் கடந்து போகிறோம். அப்போது சூரியன் மேற்கே மறையும்போது செவ்வாய் கிழக்கே உதிக்கும், இரவு முழுக்க இருக்கும். அடுத்து இது நடப்பது 2027 பிப்ரவரி 19. செவ்வாயின் பாதை நன்றாகவே நீள்வட்டம் என்பதால் எல்லா நெருக்கமும் ஒன்றல்ல. 2027-இல் தூரம் சுமார் 10 கோடி கிலோமீட்டர். 2035 செப்டம்பரில் 5.7 கோடி. பெரிய விருந்து 2035-தான், ஆனால் உங்கள் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பிப்ரவரியில் செவ்வாய் சிம்மத்தில், மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். 19-க்கு மறுநாள் இரவு பௌர்ணமி, அதாவது மாசி மகத்தை ஒட்டிய நாள். ஆக, முழு நிலவும் அருகில்தான் நிற்கும். செய்தியில் சொன்ன 'நிலவளவு' எவ்வளவு பொய் என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நள்ளிரவில் நம் ஊரில் செவ்வாய் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே வரும், மாடியில் பாய் விரித்துப் படுத்தே பார்க்கலாம். பக்கத்தில் இன்னும் பளிச்சென்று வெண்மையாக இருப்பது வியாழன், குழப்பிக்கொள்ள வேண்டாம். செவ்வாய் செம்மஞ்சளாக, மகம் மினுங்குவது போல மினுங்காமல், நிலையாக எரியும்.

ஒரே இரவோடு விட்டுவிடாதீர்கள். ஜனவரி கடைசியிலிருந்தே வாரம் ஒருமுறை, மகத்துக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அது நாளுக்கு நாள் மேற்கே நகர்ந்து மகத்தைத் தாண்டிப் போகும். பஞ்சாங்கத்தில் 'செவ்வாய் வக்ரம்' என்று போட்டிருப்பது இதைத்தான். ஏப்ரல் தொடக்கத்தில் அது நின்று, மறுபடி கிழக்கே திரும்பும். அதுவரை புள்ளி வைக்கட்டும்.