தலைப்பு இரண்டு முறை மாறிவிட்டது; நெறியாளரை மாற்றிவிடலாமா?

கேள்வி: மனையியல் துறையில், மனித மேம்பாடு மற்றும் குடும்பவியல் பிரிவில், 2023-இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். அங்கன்வாடிக் குழந்தைகளின் தாய்மார்களுக்குப் பெற்றோர் கல்வி அளிப்பது பற்றி ஆய்வு செய்ய விரும்பினேன். முதலில் சம்மதித்த என் நெறியாளர், பிறகு வளரிளம் பெண்கள் என்றார். இப்போது முதியோர் பராமரிப்பு என்கிறார். துறை வராந்தாவில் பத்து நிமிடம் பேசக் கிடைத்தாலே பெரிது. ஒன்றரை வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறேன். வேறு நெறியாளரிடம் போய்விடலாமா?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: போக வழி உண்டு, ஆனால் இப்போதே வேண்டாம், அம்மா. உங்கள் தலைப்பு இரண்டு முறை மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது ஒருமுறைகூட முறைப்படி மாறவில்லை. வராந்தாவில் நின்றபடி சொல்லப்படுவது யோசனைதான், முடிவு அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்யும் பொறுப்பு, நாம் வழக்கமாக டி.சி. என்று சொல்லும் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு உரியது. ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் அக்குழுவின் முன் உங்கள் பணியை விளக்கி, சுருக்கமான அறிக்கையும் தர வேண்டும். குழுவின் பரிந்துரை நகல் உங்களுக்கும் கிடைக்க வேண்டும். அந்த நகல்களைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறீர்களா? மாணவிகள் பலர் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள்.

நெறியாளர் ஏன் தயங்குகிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். குடும்பத்தை ஆராய்வதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. "குழந்தையை அடிப்பீர்களா?" என்று கேள்வித்தாளில் கேட்டால், அங்கன்வாடி வாசலில் மற்றவர்கள் முன்னிலையில் நிற்கும் எந்தத் தாய் "ஆம்" என்று குறிப்பார்? பத்து வகுப்புகள் நடத்தி முடித்த பிறகு தாய்மார்களின் மதிப்பெண் உயரலாம். வீட்டில் நடப்பது மாறியதா என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? இதற்கு உங்களிடம் விடை இல்லாதபோது, அனுபவமுள்ள நெறியாளர் வேறு தலைப்பைத் தேடுவது இயல்பு. இவற்றோடு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் அனுமதி, நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தாய்மார்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் என வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. அவருடைய அச்சம் இதுதானா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

எப்படிக் கேட்பது என்றுதானே தயக்கம்? ஒரே ஒரு பக்கம் எழுதி, சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பே மின்னஞ்சலில் அனுப்புங்கள். "மதிப்பிற்குரிய மேடம், சென்ற முறை முதியோர் பராமரிப்பு பற்றிச் சொன்னீர்கள். பெற்றோர் கல்வித் தலைப்பில் நான் இதுவரை செய்தவை இவை. தீராத சிக்கல்கள் இந்த இரண்டு. அதே தலைப்பில் தொடரலாமா என்பதை முடிவு செய்ய அரை மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். சந்திப்பு முடிந்த அன்றே, நீங்கள் புரிந்துகொண்டதை நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான் நெறியாளராக இருந்த காலத்தில், ஒரு மாணவி இப்படி அனுப்பிய நான்கு வரியைப் பார்த்துத்தான், முந்தைய வாரம் சொன்னதற்கு நேர்மாறாக நானே பேசியிருந்ததை உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது, திருத்திக்கொண்டேன்.

காலக்கெடுவை நினைத்து அஞ்ச வேண்டாம். சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை தரலாம் என அதே விதிமுறை சொல்கிறது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை பெறவும் இடமுண்டு. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள்.

இரண்டு பருவம் இப்படிச் செய்தும் நெறியாளர் நேரம் ஒதுக்கவில்லையென்றால், அனுப்பிய மின்னஞ்சல்களையும் குழுவின் பரிந்துரைகளையும் இணைத்து, துறைத்தலைவரிடம் மாற்றம் கேட்டு மனுக் கொடுங்கள். அதற்கு முன்பாக, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பேராசிரியரிடம் இடம் காலியாக உள்ளதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறிப்படுத்த முடியாது.