ஒரு ராத்திரி, மூன்று படம், ஒரே கேள்வி

ஏற்காட்டில் மழை பிடித்துவிட்டால் எங்கள் சேலத்து நண்பர் குழு மேலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சாயங்காலம் தொடங்கி விடியும்வரை அறிவியல் புனைகதைப் படங்களாகப் பார்க்கும். படங்களைத் தேர்ந்து வரிசை கட்டுவது என் வேலை. நாங்களும் இப்படி ஒன்று வைக்க நினைக்கிறோம், எப்படித் திட்டமிடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

சூரமங்கலம், கல்லூரி மாணவர்: அண்ணா, "விண்வெளி" என்று தலைப்பு வைத்து இன்டர்ஸ்டெல்லார், கிராவிட்டி, தி மார்ஷியன், ஏலியன் நாலையும் ஒரே ராத்திரியில் போடலாமா?

நாலும் நல்ல படம், தம்பி. நீளத்தைக் கூட்டிப் பார்த்தீர்களா? எட்டரை மணி நேரத்தைத் தாண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், விண்வெளி என்பது வெறும் இடம். கதை ஊட்டியில் நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாலு தமிழ்ப் படங்களைச் சேர்த்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, முன்னதற்கு இது என்ன பதில் சொல்கிறது என்று மனது தேட வேண்டும். அதனால் தலைப்பைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள்.

உதாரணத்துக்கு: "பேச ஆளே இல்லாத இடத்தில் ஒரு மனுஷன் யாரோடு பேசுவான்?" உங்கள் பட்டியலில் இருந்தே கிராவிட்டியும் (2013) தி மார்ஷியனும் (2015) இதற்குள் வந்துவிடும். கூடவே மூன் (2009) சேர்த்துக்கொள்ளுங்கள். மூனில் நிலாவில் வேலை செய்பவனுக்குப் பேச்சுத்துணை ஒரு கணினி. கிராவிட்டியில் வானொலி வழியாகக் கேட்கும், மொழி புரியாத ஒரு குரல். மார்ஷியனில் உருளைக்கிழங்கு பயிரிட்டுக்கொண்டே கேமராவோடு பேசுகிறான். மூன்றும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம்தான். மார்ஷியனைக் கடைசியில் வையுங்கள். சிரிப்பு இருப்பதால் தூக்கம் வராது.

ஏலியனை (1979) எடுத்துத் தனியாக வையுங்கள். அது பேய்ப்படம் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு கேள்வி: கம்பெனி கணக்கில் ஒரு தொழிலாளியின் உயிர் எவ்வளவு பெறும்? அதற்கு ஜோடி ரோபோகாப் (1987).

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை நடத்துபவர்: கால இயந்திரப் படம் என்றாலே உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். நம்மை மாதிரி ஆட்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று ஏதாவது படம் உண்டா?

சார், தலைப்பை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். "கால இயந்திரம் கிடைத்தால் முதலில் காசு பார்ப்போமா?"

முதலில் பேக் டு தி ஃபியூச்சர் இரண்டாம் பாகம் (1989). எதிர்காலத்திலிருந்து விளையாட்டு முடிவுகள் அச்சிட்ட ஒரு புத்தகம் பின்னால் போகிறது. பந்தயம் கட்டியே ஒருவன் ஊரை வாங்கிவிடுகிறான். அடுத்து நம் ரவிக்குமாரின் இன்று நேற்று நாளை (2015). 2065-இலிருந்து வந்த இயந்திரம் இரண்டு பையன்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் செய்வது என்ன? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியத் தொழில்! எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்ததே அந்த அற்பத்தனம்தான். கையில் காலமே இருக்கிறது, இவர்கள் கல்லா கட்டுகிறார்கள். பிறகு கடந்த காலத்தில் ஒரு சின்ன விஷயம் மாறிப்போய், சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான்.

மூன்றாவது பிரைமர் (2004). வெறும் 7,000 டாலர் செலவில் எடுத்த, 77 நிமிடப் படம். இதிலும் இரண்டு நண்பர்கள், இதிலும் முதல் யோசனை பங்குச்சந்தைதான். ஆனால் பேராசை எந்த இடத்தில் நட்பைக் கெடுக்கிறது என்பதைப் பிடிக்கப் பார்வையாளன்தான் வியர்க்க வேண்டும். நேரம் குறைவாக இருக்கிறதே என்று இதை நள்ளிரவுக்குப் பிறகு போட்டுவிடாதீர்கள். முதலில் போடுங்கள், எல்லோரும் தெளிவாக இருக்கும்போது. புரியவில்லை என்று கத்துவார்கள், கத்தட்டும். அதன் பிறகு வரும் மற்ற இரண்டும் இன்னும் இனிக்கும்.

ஏற்காடு, தங்கும் விடுதி வைத்திருப்பவர்: "டைம் லூப்" படங்களை மட்டும் வைத்து ஒரு இரவு கேட்கிறார்கள். ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாவது படத்தில் சலித்துவிடாதா?

வரிசை தப்பினால் சலிக்கும். யாருக்கெல்லாம் முந்தைய சுற்று ஞாபகம் இருக்கிறது என்பதை வைத்து அடுக்குங்கள்.

கிரவுண்ட்ஹாக் டேயில் (1993) ஒரே ஒருவனுக்குத்தான் நினைவிருக்கிறது. ஏன் இப்படி ஆனது என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை. சொல்லாததுதான் அதன் அழகு. எட்ஜ் ஆஃப் டுமாரோவில் (2014) முன்பு ஒரு காலத்தில் இதே சுழலில் மாட்டி வெளியே வந்த ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இப்போது அந்தச் சக்தி இல்லை, ஆனால் இவன் சொன்னால் நம்புவாள். தனிமை பாதியாகக் குறைகிறது. அப்புறம் மாநாடு (2021). இங்கே எதிரிக்கும் நினைவு வந்துவிடுகிறது! அந்த இடத்தில் இந்த வகைப் படத்தின் ஆட்ட விதியே மாறுகிறது. அதுவரை சுழல் என்பது ஒருவனுக்கான பயிற்சிக்கூடம். இப்போது இரண்டு பேரும் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எஸ்.ஜே. சூர்யா அந்தப் பாத்திரத்தில் அலுத்துக்கொள்வதைப் பார்த்தால், முன்னால் இரண்டு படம் பார்த்த களைப்பில் இருக்கும் உங்கள் விருந்தினர்களுக்கும் அதே அலுப்பு இருக்கும், விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம். மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, அதே 2021 நவம்பரில், ஜாங்கோ என்று இன்னொரு தமிழ்ச் சுழல் படமும் வந்தது. ஆர்வமுள்ளவர்கள் தனியாகப் பார்க்கட்டும், இந்த இரவுக்கு அது கூடுதல்.

மின்சாரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மலையில் காற்றடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்வெர்ட்டரை புரொஜெக்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் மட்டும் விடுங்கள். கெட்டில் அதில் வேண்டாம். இணையத்தை நம்பாமல், படங்களை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, விடுதி விருந்தினர்களுக்குப் போட வீட்டுச் சந்தா செல்லாது, உரிமையாளர்களிடம் தனியாக அனுமதி வாங்குங்கள்.

குகை, பணி ஓய்வு பெற்றவர்: தம்பி, எல்லாம் வெள்ளைக்காரன் படமாகவே இருக்கிறதே. எங்கள் காலத்தில் நம்மாட்கள் ஒன்றும் செய்யவில்லையா?

செய்தார்கள், ஐயா, அதுவும் நம் ஊரிலேயே! ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக்காரர்களோடு சேர்ந்து 1952-இல் தி ஜங்கிள் என்ற ஆங்கிலப் படம் எடுத்தது. தமிழில் அதற்குப் பெயர் காடு. யானைகள் மிரண்டு ஊர்களைத் துவம்சம் செய்கின்றன. காரணம் தேடிப் போனால், அழிந்துபோனதாக நினைத்த மாமத யானைகள்! நிஜ யானைக்கு ரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டிருக்கிறார்கள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் அந்த யானையின் பொறுமையை நினைத்தால் மரியாதையும் வரும்.

இதற்கு நான் போடும் தலைப்பு: "இல்லாத மிருகத்தை எப்படிக் காட்டுவது?" கிங் காங் (1933) சின்னப் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தது. காடு நிஜ மிருகத்துக்கு வேஷம் கட்டியது. ஜுராசிக் பார்க் (1993) இயந்திரப் பொம்மையையும் கணினியையும் கலந்தது. கணினியில் உருவான டைனோசர்கள் அதில் சில நிமிடங்கள்தான் வருகின்றன. தொழில்நுட்பம் பிடித்த பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல வரிசை.

உங்கள் வயதுக்காரர்கள் சேர்ந்தால் இன்னொரு இரவு இருக்கிறது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த கலை அரசி (1963) ஞாபகமிருக்கும். வேற்றுக்கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, சங்கீதம் மட்டும் இல்லை. அதைச் சொல்லித்தர பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதையும் க்ளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட் (1977) படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதில் மனிதர்கள் ஐந்து சுரத்தை வைத்து விண்கலத்தோடு பேசுகிறார்கள், நடுவே இந்தியாவில் ஒரு பெரிய கூட்டமே அந்த ஐந்து சுரத்தைப் பாடுகிறது. பதினான்கு வருஷ இடைவெளியில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள்: அந்நியனோடு பேச இசை போதும் என்று. இந்த ஜோடியை எந்தப் பெரிய பட்டியலிலும் நான் பார்த்ததில்லை, எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அம்மாப்பேட்டை, ஆசிரியை: எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு?

இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம், டீச்சர். "புதுசாக வந்தவனை ஒளித்துவைப்பதா, காட்டிக்கொடுப்பதா?" தி அயர்ன் ஜயன்ட் (1999) ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், 1957-இல் சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த சமயத்து அமெரிக்கப் பயம்தான் கதைக்களம், அதை முன்னாலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு அயலான் (2024). ஆங்கிலம் தடையாக இருக்குமென்றால் முதலாவதற்குப் பதில் வால்-ஈ (2008) போடலாம், அதன் முதல் அரை மணி நேரத்தில் பேச்சே அதிகம் கிடையாது. தலைப்பு மட்டும் சற்று மாறும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: தலைப்பை அறிவித்தாலே கதையின் திருப்பம் தெரிந்துவிடுமே?

உண்மைதான். ஒரு குறிப்பிட்ட தலைப்புக்குள் வைத்த மாத்திரத்தில் குட்டு உடைந்துபோகும் அருமையான படம் ஒன்று இருக்கிறது. அது எது என்று இங்கே சொல்லமாட்டேன். அந்த மாதிரிப் படம் சிக்கினால் அன்றைக்குத் தலைப்பை அறிவிக்காதீர்கள். கடைசிப் படம் முடிந்ததும் வந்தவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ், குடியிருப்புச் சங்கச் செயலாளர்: எங்கள் மாடியில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போடலாமா?

கூடாதுங்க. வீட்டில் பார்ப்பதற்கான சந்தா, பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. அதற்கு உரிமையாளர்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். காசு வாங்காவிட்டாலும் பொதுவில் போட்டால் அதே நிலைதான். உங்கள் வீட்டுக் கூடத்தில் நண்பர்களோடு பாருங்கள்.

நாலு ரோடு, புதுமணத் தம்பதி: நாங்கள் இரண்டே பேர். என்னவருக்கு ரோபோ, எனக்கு அழுகை.

அப்படியானால் "படைத்தவன் தன் படைப்புக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்?" ஃபிராங்கென்ஸ்டைன் (1931) 70 நிமிடம், பிளேடு ரன்னர் (1982) இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கடைசியில் எந்திரன் (2010). படைத்தவனைத் தேடிப் போய் இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்கும் இடம் பிளேடு ரன்னரில் வரும், அங்கே நீங்கள் அழலாம். எந்திரனைச் சண்டைக்காக மட்டும் பார்த்தவர்களுக்கு, முன்னிரண்டையும் பார்த்த பிறகு வசீகரன் மேல் கோபம் வரும்.

கொண்டலாம்பட்டி: தட்டுவடை செட் வாங்கி வரலாமா?

இடைவேளையில் தாராளமாக. படம் ஓடும்போது வேண்டாம், அதுவும் கிராவிட்டி ஓடும்போது கண்டிப்பாக வேண்டாம். நிசப்தமான காட்சியில் ஒருவர் நொறுக்கினால் அறை முழுக்கக் கேட்கும்.