அதிக பக்தி உள்ள ஆண்கள் குடும்பத்தைக் கவனிப்பதில்லை என்பது உண்மையா?

கேள்வியைப் படித்ததுமே புரிந்துவிட்டது. உங்கள் வீட்டில் அப்பாவோ கணவரோ கோவிலே கதி என்று இருக்கிறார், வேலை எல்லாம் உங்கள் தலையில். அப்படிப்பட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டினால் எனக்குக் கோபம் வரும். நான் தாத்தா கையில் வளர்ந்தவன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், பூண்டி மாதா கோவிலுக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் ஊர். தாத்தா 1926-இல் பிறந்தவர், 93 வயதில் போனார். ஏழு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கறி இல்லாத சுத்தபோசனம், ஞாயிறு பூசை, இரண்டும் ஒருநாளும் தவறியதில்லை.

அவர் கடிகாரம் கட்டி நான் பார்த்ததில்லை. ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுப்பார். மாலையின் நூற்றைம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்தால் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் நிறைந்திருக்கும். எழுந்து மடை மாற்றிவிட்டு அடுத்த சுற்று. சேற்றுக் கையால் உருட்டி உருட்டி மணியெல்லாம் வயல் நிறத்துக்கு வந்துவிட்டது. புது மோட்டார் போட்ட வருடம், "இப்பல்லாம் நூறு மணியிலயே ரொம்பிடுதுடா" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அதுவும் பழைய ஜெபம். 1960-களில் உலகத்து ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது, அப்புறம் ஜெபங்களின் தமிழும் மாறியது. நாங்கள் "அருள் நிறைந்த மரியே" என்று ஓட, அவர் மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று நிதானமாக வருவார். அவர் முடிக்கும்வரை சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

மத்ரித் பக்கத்து விவசாயி இசிதோருக்கு 1622-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் ஜெபத்தில் இருக்க, சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், வந்து ஏர் ஓட்டியதாகக் கதை. பங்குசாமியார் இதைப் பிரசங்கத்தில் சொன்ன அன்று தாத்தா வாசலில் நின்று, "நம்ம வயலுக்கு ஒரு சம்மனசும் வந்ததில்ல சாமி, நான்தான் ஓட்டுறேன்" என்றார். சாமியாரே சிரித்துவிட்டார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு வருடாவருடம் காவி கட்டி நடந்து போவார். அந்த வருடமும் பை தோளில் ஏறிவிட்டது, கோவில் உபதேசியாரும் ஆட்களும் தெருவில் நிற்கிறார்கள். கொட்டகையில் செவலைப் பசு கத்தியது. கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே. தலை உள்ளே மடங்கிக் கிடந்தது. பையை இறக்கினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, கையை உள்ளே விட்டார். கூட்டம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. "நேர்ந்துக்கிட்டது ஆச்சே" என்று பாட்டி தயங்க, "மாதாவைப் பாக்க ஊரே போவுது. இதுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார். கன்று விழுந்தபோது ராத்திரி மணி இரண்டு. காவி வேட்டி முழுக்க ரத்தம்.

அவரை நான் புனிதர் ஆக்கவில்லை. சித்தப்பா கோவிலில் தாலி கட்டாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதற்கு ஆறு வருடம் பேசவில்லை. அது தப்பு, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் பாட்டி சித்தப்பாவுக்குக் கள்ளத்தனமாக அனுப்பிய மூட்டைகளை எண்ணத் தெரியாதவர் அல்ல அவர்.

இது மதப் பிரச்சாரம் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் தவிர நான் கோவில் பக்கம் போவதில்லை. என் மனைவியைக் கேட்டால், பக்தியே இல்லாமலும் குடும்பத்தைக் கவனிக்காமல் இருக்க முடியும் என்பதற்கு என்னைத்தான் காட்டுவாள்.

இப்போது அந்த நிலத்தில் நான். விவசாயி வாழ்க்கை நிம்மதி என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை நெல் விற்றுப் பார்க்கட்டும். போன சம்பாவில் ஒரு கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று ஒன்பது நாள் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்ததும் அதே நெல் அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. தாத்தாவாக இருந்தால் அந்த ஒன்பது நாளில் ஒன்பது நாள் ஜெபமான நவநாள் ஒன்றையே முடித்திருப்பார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.