கிட்டார் நெக்குக்கு அடியில் இருக்கும் ஷிம்மை எடுத்துவிட்டால் டோன் கூடுமா?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைச் சுத்தம் செய்யக் கழற்றியிருக்கிறீர்கள். நெக், அதாவது கைப்பிடிக் கட்டை, பாடியில் உட்காரும் குழிக்குள் ஓர் அட்டைத் துண்டு இருந்திருக்கிறது. நெக்கின் சாய்வைச் சரிசெய்ய வைக்கும் இந்த மாதிரித் துண்டுக்குத்தான் ஷிம் என்று பெயர். "அதுதான் சஸ்டெயினைக் கெடுக்குது, தூக்கிப் போடு" என்று நண்பர் சொல்கிறார் (சஸ்டெயின் என்பது மீட்டிய சத்தம் நீடித்து ஒலிப்பது), போடலாமா என்பது உங்கள் கேள்வி.

போடாதீர்கள். பாடிக்கும் நெக்குக்கும் நடுவில் வேறு எது வந்தாலும் டோன் செத்துவிடும் என்று அளந்து பார்க்காமலே சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த அட்டை அங்கே வந்ததற்குக் காரணம் இருக்கும். உங்கள் கிட்டாரில் சாடில்கள் (பாடிப் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுகள்) பிரிட்ஜ் தகட்டோடு ஒட்டிப் படுத்திருந்திருக்கும், அதற்கு மேல் இறக்க வழியில்லாமல், ஆக்‌ஷன் (ஃப்ரெட் என்னும் நெக்கின் உலோகப் பட்டைகளுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) மட்டும் இறங்காமல் நின்றிருக்கும். அப்போது குழியின் உள் ஓரத்தில், அதாவது பிரிட்ஜ் பக்க ஓரத்தில், மெல்லிதாக எதையாவது வைத்தால் நெக்கின் தலை லேசாகப் பின்னால் சாயும். கம்பிகள் ஃப்ரெட்டை நெருங்கும், சாடிலைத் தூக்க இடம் கிடைக்கும். ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே 50களிலும் 60களிலும் ஃபைபர் துண்டுகளை இப்படி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். 70களில் இதற்கென்றே நெக் பிளேட் வழியாகத் திருகும் ஸ்குரூ ஒன்றைக் கொடுத்து மைக்ரோ டில்ட் என்று பெயர் வைத்தார்கள். 1958இல் வந்த ஜாஸ்மாஸ்டர் என்ற ஃபெண்டர் கிட்டாரை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கம்பி சாடில் மேல் அழுத்தமாக உட்காராமல் தடதடக்கிறது என்றால் அவர்கள் முதலில் செய்வதே ஷிம் வைப்பதுதான்.

இனி என் கதை. நான் குன்னூர். சர்ச் பாட்டுக்குழுவில் வாசிக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போன ஓர் அண்ணனிடம் வாங்கிய ஸ்ட்ராட் மாடல் என்னுடையது. அதிலும் இதே பிரச்சினை. சாடில் எல்லாம் தரையோடு தரை, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) பிடித்தால் விரல் வலிக்கும். கீழே சமவெளியில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு விசிட்டிங் கார்டை மடித்துக் குழிக்குள் வைத்து, சாடிலை ஏற்றி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வாசிக்கச் சுகமாகிவிட்டது. ஆனால் பிரிட்ஜ் பக்க பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருளின்) சத்தம் ஒல்லியாகிவிட்டது, முன்பிருந்த கடி இல்லை. பாட்டுக்குழுவில் சீனியர் ஒருவர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "அட்டை வச்சா அப்படித்தான், அதிர்வு எல்லாம் அதிலேயே செத்துப்போகும்."

நான் ஸ்கேலை எடுத்து உட்கார்ந்தேன். ஸ்ட்ராட்டின் ஸ்கேல் நீளம், அதாவது அதிரும் கம்பியின் நீளம், 648 மில்லிமீட்டர். நெக் குழி ஏறக்குறைய 75 மில்லிமீட்டர். குழியின் முன் ஓரத்தில் இருந்து சாடில் வரை தோராயமாக 245. உள் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் ஷிம் வைத்தால், அதே ஆக்‌ஷன் வேண்டும் என்றால் சாடிலை அதைப்போல் மூன்று மடங்கு, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகத் தூக்க வேண்டும். சாடில் தூக்கினால் கம்பியும் பாடியை விட்டு விலகும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே ஒன்றே கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகும், நெக் பிக்கப்புக்கு மேலே அரை மில்லிமீட்டர்தான். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி பார்க்கும்போது, சாதாரண சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு தடித்த கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 1.6. அதில் ஒன்றே கால் கூடினால் சத்தம் இளைக்காமல் என்ன செய்யும்? அதுவும் ஒரு பிக்கப்பில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இளைக்கும். நெக் பிக்கப் கும்மென்றும் பிரிட்ஜ் பிக்கப் தகரம் மாதிரியும் கேட்டதற்குக் காரணம் அதுதான். கடைக்காரர் சாடிலை ஏற்றினார், பிக்கப்பைத் தொடவே இல்லை. இரண்டு ஸ்குரூவைத் திருகிப் பிக்கப்பை மேலே கொண்டுவந்தேன். கடி திரும்ப வந்துவிட்டது. அட்டை அதே இடத்தில்தான் இருந்தது.

அதற்காக அட்டையே போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், பீரோவில் வைத்த துணிகூட நமுத்திருக்கும். அடுத்து நெக்கைக் கழற்றியபோது அந்த விசிட்டிங் கார்டில் குழியின் ஓரம் ஆழமாகப் பதிந்து, மூலையில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தது. இப்படி நசுங்க நசுங்க ஆக்‌ஷன் நகரும். இன்னொன்று, ஓரத்தில் மட்டும் துண்டு வைத்தால் மீதிக் குழியில் நெக் அந்தரத்தில் நிற்கிறது. நாளடைவில் கம்பி இழுப்புக்குக் கடைசி ஃப்ரெட்டுகள் மேலே எழும்பும் என்று பலர் அஞ்சுகிறார்கள். எல்லா கிட்டாரிலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தவிர்க்க முடிந்ததை ஏன் விட வேண்டும்?

அப்பா டீ ஃபேக்டரியில் கார்பெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. விஷயத்தைச் சொன்னதும், "கதவு சரியா சாத்தலைன்னா கீலுக்கு அடியில அட்டை வைக்கிற மாதிரிதானே? அதுக்கு அளவா ஆப்பு சீவிப் போடணும்டா" என்றார். தாத்தாவின் உடைந்த நாற்காலிக் கால் ஒன்று, ஈட்டி மரம், பரணில் கிடந்தது. அதில் ஒரு பட்டை அறுத்து, கண்ணாடித் துண்டின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ஒரு முனை ஒன்றுமில்லாமலும் மறுமுனை அரை மில்லிமீட்டராகவும் வரும்வரை உப்புத்தாள் போட்டார். குழியின் அடியில் பென்சிலால் கறுப்பாகத் தீட்டி, ஆப்பை வைத்து அழுத்தி எடுத்து, எங்கே கரி ஒட்டவில்லையோ அங்கே படும்வரை மறுபடி தேய்த்தார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது, அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஆப்பு முழுக்க ஒரே சாம்பல் நிறமாகக் கரி ஒட்டியது. "இப்ப மூடு" என்றார்.

பிறகு ஒப்பிட்டேன். அதே கம்பிகள், அதே ஆக்‌ஷன், அளந்து வைத்த அதே பிக்கப் உயரம். ஒருமுறை அட்டையோடு, ஒருமுறை ஈட்டி ஆப்போடு, ஆம்ப் முன்னால் போனை வைத்துப் பதிவு செய்தேன். மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியதில் பாட்டுக்குழுவில் யாராலும் எது எது என்று சொல்ல முடியவில்லை, அந்த சீனியர் உட்பட. என் காதுக்கும் தெரியவில்லை. இது ஆராய்ச்சி இல்லை, போன் மைக் எல்லாவற்றையும் பிடிக்காது, தெரியும். உங்கள் கிட்டாரில் உங்களுக்கு வித்தியாசம் கேட்டால் நான் பொய் என்று சொல்லப்போவதில்லை. பிக்கப் உயரத்தைச் சமமாக வைத்துவிட்டுக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்பேன். ஷிம் வைக்காத பழைய நிலையோடு ஒப்பிட்டால் எனக்கு ஒரே ஒரு மாற்றம் நிச்சயம். சாடில் உயர்ந்ததால் கம்பி அதன் மேல் கொஞ்சம் கூடுதல் கோணத்தில் மடிந்து இறங்குகிறது. ஆறாவது கம்பியை ஓங்கி அடித்தால் முன்பு வந்த அலறல் இப்போது இல்லை. அது நல்ல மாற்றம்.

ஈட்டி என்றதும் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் கூடலூர்ப் பக்கம் வளரும் இந்த மரம்தான் இந்தியன் ரோஸ்வுட் என்ற பெயரில் உலகம் முழுக்க கிட்டார் ஃபிங்கர்போர்டாகிறது. 2017 ஜனவரியில் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், நாற்காலி மேசைக்காக வெட்டித் தீர்த்ததுதான் பெரிய காரணம். ஃபெண்டர் உடனே மெக்சிகோ கிட்டார்களுக்கு பாவ் ஃபெரோ என்ற வேறு மரத்துக்கு மாறியது. 2019இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. இத்தனை பேச்சிலும் மரம் நிற்கிற மலையின் பெயரை யாரும் சொல்வதில்லை. "ரோஸ்வுட் டோன்" என்று உருகும் நம் பையன்களுக்கே அது ஈட்டி என்று தெரியாது. எனக்கு அது வருத்தம்தான்.

சரி, உங்கள் விஷயம். அட்டையை எடுக்கும் முன் சாடில் ஸ்குரூ எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். சாடில் நடு உயரத்தில் இருந்தால் ஷிம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஸ்குரூ முனை உள்ளங்கையைக் குத்தும் அளவுக்கு உயர்ந்திருந்தால் ஷிம் தடிமன் அதிகம், மெல்லியதாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு பிக்கப் உயரத்தை மறுபடி வையுங்கள், இதை மறந்தால் நான் சொன்ன எதற்கும் அர்த்தமில்லை. மூடும்போது நெக் ஸ்குரூ பாடியின் துளையில் மரை பிடிக்காமல் தாராளமாகப் போகிறதா என்றும் பாருங்கள். பாடியிலேயே பிடித்துக்கொண்டால் நெக் முழுசாக இறுகாது, ஷிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்புறம், கழற்றுவதற்கு முன் கம்பிகளைத் தளர்த்தி முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை நெக்கோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுவிடுங்கள், சுற்றி வைத்த கம்பி பிரியாது.